வலியும் காலமும் இடமும்: பர்மாப் போர்முனையில் ஜப்பானியர் கண்ட தோல்வி

முன்னுரை

போரின் வெற்றி தோல்விகளை வீரம் ஒன்றே முடிவு செய்கிறது என்னும் எண்ணம் மக்களிடையே பரவலாக உண்டு. பொருட்பாலில் அரசியல் கூறவந்த திருவள்ளுவரோ படைச்செருக்கைப் பேசுவதற்கு நெடுந்தொலைவு முன்னரே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து நிறுத்தியுள்ளார். வீரம் வேண்டும், ஆயின் அவ்வீரத்தை எந்த அளவில், எந்தப் பருவத்தில், எந்த நிலத்தில் செலுத்துவது என்னும் அறிவு அதற்கு முன்னதாக வேண்டும் என்பதே அவ்வைப்பு முறை உணர்த்தும் கருத்தாகும்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வீரத்தில் குறைந்தவர் அல்லர். அவர்களை எதிர்த்துப் போரிட்டோரே அதனை ஒப்புக்கொண்டுள்ளனர். அவ்வாறாயின் 1944ஆம் ஆண்டு இம்பாலிலும் கோகிமாவிலும் அவர்தம் படை ஏன் சிதைந்தது? இவ்வினாவிற்கு அம்மூன்று அதிகாரத் தலைப்புகளையும் உரைகல்லாகக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பர்மா போர்முனையான வரலாறு

1941 டிசம்பரில் முத்துத் துறைமுகத்தையும் மலேயாவையும் ஏறத்தாழ ஒரே வேளையில் தாக்கிய ஜப்பான், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. மார்ச்சு 8இல் இரங்கூன் வீழ்ந்தது. மே மாத இறுதிக்குள் பர்மா முழுமையும் ஏறக்குறைய ஜப்பானியர் வசமாயிற்று.

ஜப்பானுக்குப் பர்மா மூன்று காரணங்களால் தேவைப்பட்டது. முதலாவது, இலாசியோவிலிருந்து சீனத்துக் குன்மிங் நகருக்குச் சென்ற பர்மாச் சாலை. சியாங் கை-சேக்கின் அரசுக்கு வெளியுலகிலிருந்து படைக்கலம் சென்ற வழி அதுவே. இரண்டாவது, அரிசியும் எண்ணெயும். மூன்றாவது, மலேயாவையும் கிழக்கிந்தியத் தீவுகளையும் மேற்குப் புறத்தில் காக்கும் அரணாகப் பர்மா பயன்படும் என்னும் கணிப்பு. சாலை அடைபட்டபின் அசாமிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடரைக் கடந்து விமானங்களிலேயே சீனத்திற்குப் பொருள்கள் அனுப்ப வேண்டியதாயிற்று.

இவ்வீழ்ச்சியின் முதற்சுமையைத் தாங்கியவர் படைவீரர் அல்லர், குடிமக்களே. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரங்கூன் மாநகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தமிழ் வணிகரும், கடன் கொடுத்துவந்த நகரத்தாரும், துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த கூலித் தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். 1941 டிசம்பர் 23இல் இரங்கூன்மீது குண்டுகள் விழுந்ததும் மக்கள் வெளியேறத் தொடங்கினர். கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அரக்கான் வழியாகவும், தாமு வழியே மணிப்பூருக்கும், வடக்கே உக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் இந்திய எல்லையை நோக்கிச் சென்றனர். வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். இரண்டாண்டு கழிந்தபின் அதே மலைகளும் அதே மழையும் ஜப்பானியப் படைக்குக் காத்திருந்தன.

வலியறிதல்

வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைசெய்வாரின் வலி என நான்கினையும் எடைபோட வேண்டும் என்பது வலியறிதலின் சாரம். 1942இல் தாம் கண்ட மாற்றானின் வலியையே 1944இலும் காண்போம் என ஜப்பானியத் தளபதியர் எண்ணினர். இடைப்பட்ட ஈராண்டில் மாற்றான் மாறியிருந்தான்.

1943 இறுதியில் மவுண்ட்பேட்டன் தலைமையில் தென்கிழக்காசியப் படைத்தலைமை இயங்கத் தொடங்கியது. அதன்கீழ் அமைந்த பதினான்காம் சேனைக்கு வில்லியம் சிலிம் தளபதியானார். பிரித்தானியரும், கூர்க்கரும், ஆப்பிரிக்கரும் அதில் இருந்தனர். எனினும் பெரும்பான்மையினர் இந்தியரே. 1942இல் பர்மாவிலிருந்து தோற்றுப் பின்வாங்கிய படையை நடத்திவந்தவர் சிலிம். தோல்வியின் காரணங்களை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

முதற்பகை நோய். 1943இல் போர்க்காயத்திற்காகப் பின்னே அனுப்பப்பட்ட ஒரு வீரருக்கு நோயின் காரணமாக அனுப்பப்பட்டோர் 120 பேர் என்னும் விகிதம் இருந்தது. நோயாளிகளை நெடுந்தொலைவு இந்தியாவிற்கு அனுப்பாமல் போர்முனைக்கு அருகிலேயே மருத்துவம் செய்யும் முறை ஏற்பட்டது. மலேரியாவைத் தடுக்கும் மெபாக்கிரின் மாத்திரையை ஒவ்வொரு வீரரும் நாள்தோறும் உண்ண வேண்டும் என ஆணையிடப்பட்டது. வீரர்கள் அதனை உண்கின்றனரா எனத் திடீர்ச் சோதனை நடத்திய சிலிம், குறை காணப்பட்ட மூன்று அணிகளின் தலைவர்களைப் பதவியிலிருந்து நீக்கினார். பிறர் தாமே திருந்தினர்.

இரண்டாவது குறை, சுற்றி வளைக்கப்பட்டவுடன் பின்வாங்கும் பழக்கம். ஜப்பானியர் காட்டு வழியே பின்புறம் சென்று சாலையை அடைப்பர். உணவு வரும் வழி அடைபட்டதும் எதிர்ப்படை கலைந்தோடும். மலேயாவிலும் பர்மாவிலும் அவர்கள் பெற்ற வெற்றிகளின் உட்பொருள் இதுவே. இதற்கு மாற்றாக, வளைக்கப்பட்டாலும் நிலைபெயராமல் நிற்பது, வேண்டியவற்றை விமானத்திலிருந்து பாராசூட் வழியாகப் பெறுவது என்னும் புதிய முறை வகுக்கப்பட்டது. 1944 பிப்ரவரியில் அரக்கானில் வளைக்கப்பட்ட ஏழாம் இந்தியப் படைப்பிரிவு இவ்வாறே நின்று பொருது வென்றது. வளைத்த ஜப்பானியரே பசியால் பின்வாங்க நேர்ந்தது. இப்பாடத்தைப் படிப்பதற்குள் ஜப்பானியரின் பெரிய திட்டம் புறப்பட்டுவிட்டது.

முத்தாகுச்சியின் திட்டம்

ஜப்பானியப் பதினைந்தாம் சேனையின் தளபதி முத்தாகுச்சி ரென்யா. தொடக்கத்தில் இம்மலைகளைக் கடந்து இந்தியாவினுள் படை செலுத்துதல் இயலாது என்றே அவர் கருதியிருந்தார். 1943 பிப்ரவரியில் விங்கேட் என்னும் பிரித்தானிய அதிகாரி ஏறத்தாழ 3,000 பேருடன் சிந்துவின் ஆற்றைக் கடந்து ஜப்பானியர் பகுதிக்குள் ஊடுருவியதைக் கண்டதும் அவர் எண்ணம் மாறியது. மாற்றான் கடந்த மலையை நாம் ஏன் கடத்தல் ஆகாது என வினவினார். விங்கேட்டின் அணிக்கு உணவு வானிலிருந்து வந்தது என்பதும், தம்மிடம் அத்தகைய விமான வலிமை இல்லை என்பதும் அவர் கணக்கில் உரிய இடம் பெறவில்லை.

மூன்று படைப்பிரிவுகள் புறப்படும். 33ஆம் பிரிவும் 15ஆம் பிரிவும் இம்பாலைத் தாக்கும். 31ஆம் பிரிவு வடக்கே கோகிமாவைப் பிடித்து இம்பாலுக்கு வரும் சாலையை அடைக்கும். ஏப்ரல் மாதத்திற்குள் இம்பால் வீழும். இதுவே திட்டம். வீரர்கள் சுமந்து சென்ற உணவு ஏறக்குறைய மூன்று வாரத்திற்கே போதுமானது. அதன்பின் இம்பாலில் உள்ள பிரித்தானியரின் கிடங்குகளே தமக்குச் சோறிடும் என நம்பினர். ஆயிரக்கணக்கான மாடுகளைச் சுமை தாங்கவும் பின்னர் இறைச்சியாகவும் ஓட்டிச் சென்றனர். அவற்றுள் பல ஆற்றிலேயே மூழ்கின. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை செங்குத்தான மலைத்தடங்களில் விழுந்து மடிந்தன.

அளவுக்கு மீறினால் மயிலிறகின் பாரமும் வண்டி அச்சை முறிக்கும் என்று வலியறிதலில் ஓர் உவமை உண்டு. முத்தாகுச்சியின் வண்டியில் அச்சே இல்லை எனலாம். ஜப்பானியப் படை அதிகாரிகள் சிலர் இக்குறையை முன்கூட்டியே சுட்டினர். அச்சொல் ஏறவில்லை. 1944 ஜனவரியில் தோக்கியோ இசைவளித்தது.

இடனறிதல்

இம்பால் சமவெளி கடல் மட்டத்திற்கு 2,500 அடிக்கு மேல் அமைந்தது. ஏறத்தாழ 40 மைல் நீளமும் 20 மைல் அகலமும் உடையது. நாற்புறமும் மலை சூழ்ந்தது. காட்டில் ஜப்பானியர் வல்லவர். சமவெளியிலோ டாங்கிகளும் பீரங்கிகளும் விமானத் தளங்களும் உடையோரே வல்லவர். நீருள் இருக்கும்போது வெல்லும் முதலை கரையேறினால் வலியிழக்கும் என்பதை உணர்ந்தவர்போல் சிலிம் தம் திட்டத்தை வகுத்தார். பர்மா எல்லையில் முன்னே நின்ற படைப்பிரிவுகளைச் சமவெளிக்குத் திரும்ப அழைத்து, பகைவர் நெடுவழி கடந்து களைத்து வந்தபின் அங்கே பொருதல் என்பதே அது.

1944 மார்ச்சு 8இல் ஜப்பானியர் தாக்குதல் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட அவர்கள் விரைந்து வந்தனர். திட்டிம் பகுதியிலிருந்த 17ஆம் இந்தியப் படைப்பிரிவைத் திரும்ப அழைக்கும் ஆணை காலந்தாழ்ந்தே பிறந்தது. அப்பிரிவு தன் பின்னே அடைபட்ட சாலையை உடைத்துப் பொருதபடியே வரவேண்டியதாயிற்று. கோகிமாவை நோக்கி ஒரு முழுப் படைப்பிரிவே வரும் என்பதைச் சிலிம் எதிர்பார்க்கவில்லை. இப்பிழைகளைத் தம் போர் நினைவு நூலில் அவரே எழுதியுள்ளார். இடைவெளியில் சாங்சாக் என்னும் மலையூரில் இந்தியப் பாராசூட் அணி ஒன்று தண்ணீரும் இன்றி மார்ச்சு 26 வரை நின்று தடுத்தது. அங்கே ஜப்பானியர் இழந்த சில நாள்கள் அவர்களுக்கு மீண்டும் கிட்டவேயில்லை.

மார்ச்சு 29இல் இம்பால்–கோகிமாச் சாலை அறுபட்டது. முற்றுகை தொடங்கியது. அரக்கானில் இருந்த ஐந்தாம் இந்தியப் படைப்பிரிவு, பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும், மார்ச்சு மாதத்தின் பிற்பகுதியில் விமானங்களிலேயே கொண்டுவரப்பட்டது. முற்றுகைக் காலத்தில் ஏறத்தாழ 19,000 டன் பொருள்களும் 12,000 வீரர்களும் வான்வழி வந்தனர். காயமுற்றோர் 13,000 பேரும் போரிடாதோர் 43,000 பேரும் வெளியே கொண்டுசெல்லப்பட்டனர். ஏப்ரல் 13இல் நுங்சிகும் குன்றின்மீது டாங்கிகள் ஏறின. அத்தகைய செங்குத்தான முகட்டில் டாங்கி ஏறும் என ஜப்பானியர் கருதியிருக்கவில்லை. இடத்தை அறிந்தவர் வென்றனர்.

கோகிமா முற்றுகை

பழந்தமிழ்ப் புறத்திணை மரபில் மதிலை வளைத்தல் உழிஞை. மதிலைக் காத்தல் நொச்சி. கோகிமாவில் மதில் இல்லை. 4,700 அடி உயரத்தில் ஒரு மலைத்தொடரும் அதன்மேல் சில குடியிருப்புகளுமே இருந்தன. எனினும் அங்கு நிகழ்ந்தது நொச்சிப் போரே.

ஏப்ரல் 4ஆம் நாள் சாத்தோ கொத்தோக்குவின் 31ஆம் படைப்பிரிவு கோகிமாவை வளைத்தது. வளைத்தோர் பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேற்பட்டோர். உள்ளே இருந்தோர் ஏறத்தாழ 2,500 பேர். அவருள்ளும் போர்ப்பயிற்சி பெற்றோர் ஒரு பகுதியினரே. இராயல் வெசுட் கென்ட் அணியினர், அசாம் ரெஜிமெண்ட், அசாம் ரைபிள்சு வீரர்கள், மருத்துவமனையிலிருந்து எழுந்துவந்த நோயாளிகள் ஆகியோர் அக்குன்றுகளைக் காத்தனர். நாளுக்கு நாள் சுற்று சுருங்கியது. குடிநீர் அளந்து தரப்பட்டது. இறுதியில் மாவட்டத் துணை ஆணையர் மாளிகையின் டென்னிசு ஆடுகளமே இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியாயிற்று. ஒருபுறமிருந்து எறிந்த கைக்குண்டு மறுபுறம் விழும் அளவே இடைவெளி. இரண்டு மைல் தொலைவில் சோட்சோமாவில் நின்ற இந்தியப் பீரங்கிகளே அவர்களுக்குக் காப்பாயின. ஏப்ரல் 18இல் பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்த வீரர்கள் உள்ளே நுழைந்து முற்றுகையைத் தளர்த்தினர். ஆயினும் சுற்றியுள்ள முகடுகளிலிருந்து ஜப்பானியரை அகற்ற மே மாதம் முழுவதும் தேவைப்பட்டது.

கோகிமாவிற்கு 46 மைல் அப்பால் திமாப்பூர் இரயில் நிலையம் இருந்தது. அசாம் முனைக்குரிய உணவும் எண்ணெயும் வெடிமருந்தும் அங்கே மலைமலையாகக் குவிந்திருந்தன. தொடக்கத்தில் அதனைக் காக்கப் போதிய படையில்லை. திமாப்பூரைத் தாக்க முத்தாகுச்சி விரும்பினார். மேலிருந்த கவாபே இசையவில்லை. ஜப்பானியர் கோகிமாவிலேயே தங்கிவிட்டனர். பசித்த படைக்கு எட்டும் தொலைவில் இருந்த சோறு எட்டாமலே போயிற்று.

காலமறிதல்

கூகைக்கு இரவும் காக்கைக்குப் பகலும் துணை. மூன்று வாரத்தில் முடிய வேண்டிய போர் மூன்று மாதம் நீண்டபோது காலம் ஜப்பானியரைக் கைவிட்டது. மே மாதம் நடுவில் பருவமழை இறங்கியது. மலைத்தடங்கள் சேறாயின, சிந்துவின் ஆற்றிலிருந்து வரவேண்டிய உணவு வரவேயில்லை. காட்டுக் கீரையும் புல்லும் தின்று வீரர்கள் வயிற்றுப்போக்காலும் மலேரியாவாலும் வாடினர்.

உணவு அனுப்புமாறு சாத்தோ மீண்டும் மீண்டும் வேண்டினார். வரவில்லை. மே இறுதியில், மேலாணைக்கு மாறாக, தம் படையைப் பின்வாங்கச் செய்தார். ஜப்பானியப் படை மரபில் ஒரு படைப்பிரிவின் தலைவர் இவ்வாறு செய்தல் கேள்விப்படாத ஒன்று. தாக்குதலில் ஈடுபட்ட மூன்று பிரிவுகளின் தலைவர்களான யானகிதா, யாமாவுச்சி, சாத்தோ ஆகிய மூவரையும் முத்தாகுச்சி பதவியிலிருந்து நீக்கினார். தளபதியரை மாற்றினாலும் அரிசி வருமோ?

ஜூன் 22இல் கோகிமாவிலிருந்து தெற்கே வந்த படையும் இம்பாலிலிருந்து வடக்கே வந்த ஐந்தாம் இந்தியப் படைப்பிரிவும் 109ஆம் மைற்கல்லில் சந்தித்தன. ஜூலைத் தொடக்கத்தில் ஜப்பானியர் திட்டத்தைக் கைவிட்டனர். புறப்பட்ட ஏறத்தாழ 85,000 பேருள் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ நோயுற்றோ போயினர். ஏறக்குறைய 30,000 பேர் மாண்டனர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. அவருள் பெரும்பாலோரைக் கொன்றவை குண்டுகள் அல்ல, பசியும் நோயுமே.

இருபுறமும் இந்தியர்

இப்போரின் மிக வருந்தத்தக்க கூறு ஒன்றுண்டு. வளைத்த படையிலும் இந்தியர் இருந்தனர். வளைக்கப்பட்ட படையிலும் இந்தியர் இருந்தனர். நேதாஜி சுபாசு சந்திர போசின் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியருடன் எல்லையைக் கடந்தது. 1944 ஏப்ரல் 14இல் சவுக்கத் மாலிக் மணிப்பூரின் மொய்ராங்கில் அவ்விராணுவத்தின் கொடியை ஏற்றினார். இரங்கூனில் அடக்கமான கடைசி முகலாய மன்னர் பகதூர்ஷா சாபரின் கல்லறையில் வணக்கம் செலுத்தியவர் நேதாஜி. தில்லி நோக்கிய பயணம் அங்கிருந்து தொடங்குவதாக அவர் கண்டார்.

அவ்விராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் இலட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் மிகுதி. அவர்கள் விரும்பியது விடுதலை. ஜப்பானியப் படைத்தலைமை நாடியது தன் பேரரசின் காப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பது போர்க்களத்தில் உணவும் படைக்கலமும் பங்கிடப்பட்டபோதே வெளிப்பட்டது. ஆயினும் களத்தில் தோற்ற அவ்விராணுவம் நாட்டில் தோற்கவில்லை. 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகியோர்மீது தொடங்கிய வழக்கு நாட்டையே எழுப்பியது. ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் என மூவரும் ஒரே குற்றக்கூண்டில் நின்ற காட்சி, படைவீரரின் பற்றுறுதியை நம்பி இனியும் ஆள இயலாது என்பதை ஆங்கிலேயருக்கு உணர்த்திய காரணங்களுள் ஒன்றாயிற்று.

பர்மா மீட்பு

இம்பாலில் முறிந்த சேனை மீண்டும் நிமிரவில்லை. 1945 பிப்ரவரியில் சிலிம், மாந்தளையை நோக்கி ஒரு படையை வெளிப்படையாகச் செலுத்தி, மற்றொரு படையை மறைவாகத் தெற்கே அனுப்பி ஐராவதியைக் கடக்கச் செய்தார். அப்படை மார்ச்சுத் தொடக்கத்தில் மெய்க்திலாவைப் பிடித்தது. ஜப்பானியரின் கிடங்குகளும் விமானத் தளங்களும் அங்கேதான் இருந்தன. இம்பாலில் ஜப்பானியர் அறுக்க முயன்று தோற்ற உணவு வழியை, மெய்க்திலாவில் சிலிம் அறுத்துக் காட்டினார். மார்ச்சு 20இல் மாந்தளை வீழ்ந்தது. அதே மாதம் 27இல் ஆங் சானின் பர்மியப் படையும் ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பியது. மே 3இல் இரங்கூன் மீட்கப்பட்டது.

பர்மாவில் பெற்ற வெற்றி ஒன்றே ஜப்பானை வீழ்த்தியது எனக் கூறுதல் மிகையாகும். 1942 ஜூனில் மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது முதற்கொண்டு பசிபிக் மாகடலில் ஜப்பானின் வலி தேய்ந்தது. அமெரிக்க நீர்மூழ்கிகள் அதன் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. இம்பாலிலிருந்து பின்வாங்கிய அதே 1944 ஜூலையில் சைப்பான் தீவும் வீழ்ந்தது. பிரதமர் தோஜோ பதவி விலகினார். 1945 ஆகசுடில் இரோசிமா, நாகசாக்கி நகரங்கள்மீது அணுகுண்டு வீழ்ந்ததும், சோவியத்து நாடு போரில் இறங்கியதும் முடிவை விரைவுபடுத்தின. எனினும் ஜப்பானியத் தரைப்படை அதுவரை கண்டிராத பெருந்தோல்வி இம்பால்–கோகிமாவில் நேர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஏற்கின்றனர். 2013இல் இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகம் நடத்திய தேர்விலும் பிரித்தானியரின் மிகச் சிறந்த போராக இதுவே தெரிவு செய்யப்பட்டது.

நிறைவுரை

போரில் மாண்ட மறவருக்குக் கல்நட்டு, பெயரும் பீடும் எழுதுதல் தமிழர் மரபு. காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதற்குத் தொல்காப்பியம் துறை வகுத்துள்ளது. கோகிமாவில் 1,420 கல்லறைகளும், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்கு ஒரு நினைவுச் சின்னமும் உள்ளன. இம்பாலில் முஸ்லிம் வீரர்களின் கல்லறைகள் வரிசையாக அமைந்துள்ளன. இரங்கூனுக்கு அருகே தௌக்கியானில், கல்லறை வாய்க்காத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன.

பர்மாவிலிருந்த இதே ஜப்பானியப் படைக்கு உணவு கொண்டுசெல்லவே சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கப்பட்டது. 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர்ப் பாதை அது. அதற்காக ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளும், மலேயாத் தமிழர், பர்மியர், சாவகர் உள்ளிட்ட ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆசியத் தொழிலாளரும் உழைத்தனர். கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. மாண்ட ஆசியத் தொழிலாளர் 75,000க்குக் குறையார் எனக் கணிப்பர். அவருள் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. 1942இல் மலைவழியில் வீழ்ந்தோருக்கும் அதே நிலை. பர்மா அரிசியின் வரவு நின்றதும் ஒரு காரணமாக அமைந்த 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மடிந்த ஏறத்தாழ முப்பது இலட்சம் பேரும் எந்தப் படைக் கணக்கிலும் வாராதவர்களே.

முத்தாகுச்சி வலியைப் பிழையாக எடைபோட்டார். காலத்தை அளவிடத் தவறினார். இடத்தை அறியாது புகுந்தார். அதற்குரிய விலையை அவர் கொடுக்கவில்லை; அவர் போருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தார். அரிசி மூட்டையின்றி மலையேறிய எளிய வீரனும், தண்டவாளம் சுமந்த தோட்டத் தொழிலாளியுமே அவ்விலையைக் கொடுத்தனர். வள்ளுவர் அம்மூன்று அதிகாரங்களையும் அரசனை நோக்கிப் பாடியதன் காரணமும் இதுவே. ஆள்வோர் அறியத் தவறும் ஒவ்வொன்றையும் தம் உயிர் கொடுத்து அறிபவர் குடிமக்கள். இப்போரின் வரலாற்றைப் படிக்கும் மாணவர், தளபதியரின் பெயர்களோடு பெயரற்ற அம்மக்களையும் நினைவிற் கொள்ளுதல் கடமையாகும்.